புதிய டயர் போட்டபின் பவர் டில்லர் ஒரு பக்கம் இழுக்கிறது: டயர் வரிகளின் திசைதான் காரணமா?

கேத்தி_காரட் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் காரட்டும் பீட்ரூட்டும் மாற்றி மாற்றிப் பயிரிட்டு வருகிறோம். எங்களிடம் இருப்பது 13 எச்.பி. திறனுள்ள வி.எஸ்.டி. சக்தி 130 டி.ஐ. பவர் டில்லர், அதாவது கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் இரு சக்கர உழவு வண்டி. அதன் 6.00-12 அளவுள்ள இரண்டு டயர்களும் வழுவழுவென்று தேய்ந்துவிட்டதால், சக்கரங்களைக் கழற்றி மேட்டுப்பாளையத்தில் ஒரு டயர் கடைக்குக் கொடுத்தனுப்பி, புதிய டயர்களை ரிம்மில் ஏற்றி வாங்கி வந்து நாங்களே வண்டியில் மாட்டிக்கொண்டோம்.

வெயில் காலத்தில் ஓட்டியவரை குறை எதுவும் தெரியவில்லை. மழை பிடித்தபின் டிரெய்லரில் எரு ஏற்றிக்கொண்டு தோட்டத்து மண் பாதையில் மேலே ஏறும்போது, வண்டி இடப்பக்கமாகவே ஒதுங்கிக்கொண்டு போகிறது. இறங்கிப் பார்த்தால், வலப்பக்க டயரின் வரிகள் ஓரளவு சுத்தமாக இருக்கின்றன. இடப்பக்க டயரில் வரிகளுக்கு இடையே செம்மண் அப்பிக்கொண்டு, வரியே இல்லாத மொட்டை டயரைப் போல உருண்டையாகத் தெரிகிறது. ஈர மண்ணில் பதிந்த தடத்தையும் பார்த்தேன். இரண்டு சக்கரத்தின் தடமும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் வரிகளின் கூர்முனை முன்னோக்கியும் மற்றொன்றில் பின்னோக்கியும் இருக்கிறது.

கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டபோது, டயருக்குத் திசை என்று ஒன்றும் கிடையாது, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார். வரிகள் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும், அதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, மறுபடியும் மலை இறக்கி அனுப்பாமல் சக்கரத்தைத் திருப்பிப் போட்டே சரிசெய்ய முடியுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பட்டறை_கோத்தகிரி எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. காரணத்தை நீங்களே தடத்தில் படித்துவிட்டீர்கள். கார், ஸ்கூட்டர் போன்றவற்றின் டயர்களில் பலவற்றுக்குத் திசை இல்லை என்பது உண்மைதான். ஆனால் இழுவைக்காகச் செய்யப்பட்ட உழவு டயர் அப்படிப்பட்டதல்ல. அதன் முதுகில் இரண்டு ஓரங்களிலிருந்தும் சாய்வாக வந்து நடுவில் நெருங்கும் தடித்த ரப்பர் வரிகள் இருக்கின்றன அல்லவா, அவை நடுவில் ஒரு கூர்முனையை உண்டாக்குகின்றன. வண்டி முன்னோக்கி ஓடும்போது அந்தக் கூர்முனைதான் முதலில் மண்ணைத் தொட வேண்டும். ஓரங்கள் அதற்குப் பின்னால் இறங்க வேண்டும்.

அப்படி மாட்டியிருந்தால், சக்கரம் மண்ணைப் பின்னோக்கித் தள்ளும்போது கூர்முனை மண்ணை நடுவிலிருந்து இரண்டாகப் பிளந்து, வரிகளின் சாய்வு வழியாக இரு ஓரங்களுக்கும் ஒதுக்கிவிடும். வரிகளுக்கு இடையே சிக்கிய மண்ணும் அதே வழியில் வெளியே பிதுங்கி விழுந்துவிடும். திருப்பி மாட்டினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஓரத்து மண் நடுவை நோக்கித் திரண்டு, வெளியேற வழியின்றி அங்கேயே இறுகும். நம் மலையின் செம்மண் ஈரமானால் எப்படிப் பிசுபிசுக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை இறுகிவிட்டால் அடுத்த சுற்றில் வரி மண்ணுக்குள் இறங்கவே இறங்காது. நீங்கள் பார்த்த மொட்டை டயர் அதுதான். பவர் டில்லரில் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கர அமைப்பு) கிடையாது என்பதால் இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகின்றன. ஆனால் இடப்பக்கச் சக்கரம் வழுக்குவதால் அந்தப் பக்கம் பின்தங்க, வண்டி இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகிறது. காற்றழுத்தம் இரண்டிலும் சமமாக இல்லாவிட்டாலும் இதே போன்ற இழுப்பு வரும் என்பதால், முதலில் அதை அளந்து சமன்செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

திசையைப் பார்க்கும் வழி எளிது. டயரின் பக்கச் சுவரில் பெரும்பாலும் ரொட்டேஷன் என்ற சொல்லும் ஓர் அம்புக்குறியும் இருக்கும். சேறு படிந்திருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பலர் ஏமாறும் இடம் இங்கேதான் இருக்கிறது. அம்புக்குறி சக்கரத்தின் மேல் பாதியில் இருக்கும்போது வண்டி போகும் திசையைக் காட்ட வேண்டும். அதே அம்புக்குறி சக்கரம் உருண்டு கீழே வந்துவிட்டால் பின்னோக்கிக் காட்டும், அதுவும் சரியே. ஆகையால் சக்கரத்தை உருட்டி அம்புக்குறியை மேலே கொண்டுவந்தபின் பார்ப்பதே பிழையில்லாத முறை. அம்புக்குறியே இல்லையென்றால், கைப்பிடிக்குப் பின்னால் நின்று சக்கரத்தின் பின்முகத்தைப் பாருங்கள். வரிகள் ஓட்டுக் கூரையின் முகடு போல முனை மேலாகவும் ஓரங்கள் கீழாகவும் தெரிந்தால் சரியாக மாட்டியிருக்கிறது என்று பொருள். மண்ணில் பதியும் தடத்திலோ கூர்முனை நீங்கள் வந்த வழியைக் காட்ட வேண்டும், போகும் வழியை அல்ல. எனவே உங்கள் இரண்டு தடங்களில் முனை முன்னோக்கியிருப்பதுதான் தவறானது. அது இடப்பக்கத் தடமாகவே இருக்கும்.

இது எப்படி நேர்ந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பவர் டில்லர் ரிம்மின் நடுத்தட்டு ஒரு பக்கமாகக் குழிந்திருப்பதால் அதற்கு உட்பக்கம், வெளிப்பக்கம் என்று உண்டு. இடச் சக்கரமும் வலச் சக்கரமும் கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் போல ஒன்றுக்கொன்று எதிராக அமைய வேண்டும். கடையில் இரண்டு ரிம்மையும் ஒரே மாதிரி படுக்கவைத்து, இரண்டு டயரையும் ஒரே மாதிரி ஏற்றியிருப்பார்கள். தரையில் கிடக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே அழகாக இருக்கும். வண்டியில் மாட்டியவுடன் ஒன்று கட்டாயம் தவறாகிவிடும்.

இப்போது சரிசெய்வதைப் பற்றி. இரண்டு டயரும் தவறாக இருந்தால் வேலை மிகக் குறைவு; இடச் சக்கரத்தை முழுதாகக் கழற்றி வலப்பக்கத்திலும், வலச் சக்கரத்தை இடப்பக்கத்திலும் மாட்டிவிட்டால் போதும். உங்களுக்கு ஒன்று மட்டுமே தவறு என்பதால் அந்த வழி பயன்படாது. மாற்றிப் போட்டால் தவறு ஒரு டயரிலிருந்து மற்ற டயருக்கு மாறுமே தவிர நீங்காது; இடப்பக்கத்துக்கு வரும் டயர் அப்போதும் தவறாகவே இருக்கும். தவறான சக்கரத்தை மட்டும் உள்வெளியாகத் திருப்பி அதே பக்கத்தில் மாட்டினால் வரியின் திசை சரியாகும் என்பது உண்மை. ஆனால் ரிம்மின் குழிவு மறுபக்கம் போய்விடுவதால் அந்தச் சக்கரம் மட்டும் வண்டியின் நடுவிலிருந்து வேறு தூரத்தில் நிற்கும். சமநிலத்தில் ஒருவேளை சமாளிக்கலாம்; சரிவில் ஓட்டுகிறவர் அதைச் செய்யவே கூடாது. ஆகவே அந்த ஒரு டயரை ரிம்மிலிருந்து இறக்கித் திருப்பி ஏற்றுவதுதான் ஒரே வழி. அதற்கு மேட்டுப்பாளையம் போக வேண்டியதில்லை. லிவர் கம்பியும் சோப்புத் தண்ணீரும் வைத்திருக்கும் எந்தப் பஞ்சர் கடையும் போதும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். உங்கள் ரிம் இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டு இணைத்த வகையாக இருந்தால், வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதும் போனபின்தான் அந்தப் போல்ட்டுகளைத் தொட வேண்டும். காற்றோடு தளர்த்தினால் ரிம்மின் பாதி தெறித்து முகத்தில் அடிக்கும்.

மஞ்சூர்_பழையவர் எழுதுகிறார்:

மேலே எழுதியவர் பெரிய விளக்கம் கொடுத்திருக்கிறார். மறுப்பதாக எண்ண வேண்டாம். எங்கள் பக்கத்தில் டயரைத் திருப்பி மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அப்படி ஓட்டியிருக்கிறேன். ரோட்டரியை, அதாவது சுழலும் கத்திகள் கொண்ட உழவுக் கருவியைப் போட்டு உருளைக்கிழங்குக் காட்டைப் புரட்டியபோது எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. சொல்லப்போனால் திருப்பிப் போட்ட வரி மண்ணை இரண்டு கையாலும் அணைப்பதுபோல் நடுவில் சேர்த்துப் பிடிக்கிறது. பிளந்து விலக்குவதைவிட அணைத்துப் பிடிப்பதில்தானே பிடிமானம் அதிகம்?

இன்னொன்று. மலையில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. ஏறும்போது சறுக்கினால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது சக்கரம் வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால், வரியும் அதற்கேற்ப எதிர்த்திசையில் இருப்பதே நமக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். கம்பெனிக்காரர்கள் சமவெளியை நினைத்து அம்புக்குறி போட்டிருக்கலாம் அல்லவா?

மன்னவனூர்_மேட்டுக்காடு எழுதுகிறார்:

மஞ்சூர் பெரியவருக்கு வணக்கம். பழனி மலையில் பூண்டும் காரட்டும் பயிரிடும் எங்கள் ஊரிலும் இதே வாதம் டீக்கடையில் அடிக்கடி எழும். வேளாண் பொறியியல் படித்தவன் என்ற முறையில், நீங்கள் கண்டது உண்மை என்பதையும், அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு ஏன் பொருந்தவில்லை என்பதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரோட்டரி ஓட்டும்போது வேறுபாடு தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. ரோட்டரியின் கத்திகள் சக்கரம் சுற்றும் அதே திசையில், ஆனால் அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றி மேலிருந்து கீழாக மண்ணை வெட்டுகின்றன. ஒவ்வொரு கத்தியும் மண்ணைப் பின்னோக்கி எறியும்போது வண்டியை முன்னோக்கித் தள்ளிவிடுகிறது. கடினமான மண்ணில் வண்டி கையை மீறி முன்னால் துள்ளுவதை உணர்ந்திருப்பீர்கள். அந்த வேளையில் சக்கரம் வண்டியை இழுப்பதே இல்லை. கத்திகள் தள்ளுகிற வண்டி ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ளும் வேலையைத்தான் பெரும்பாலும் செய்கிறது. இழுவையே தேவைப்படாத வேலையில் இழுவைக்கான வரி எந்தப் பக்கம் பார்த்தால் என்ன? கலப்பை பூட்டி உழும்போதோ, கேள்வி கேட்டவரைப் போல எரு நிறைந்த டிரெய்லரை மேட்டில் இழுக்கும்போதோதான் முழுப் பாரமும் அந்த வரிகளின்மேல் விழுகிறது. அவருடைய வண்டி டிரெய்லரோடு ஏறும்போது மட்டும் ஒரு பக்கம் ஒதுங்குவதும் அதனால்தான்.

அணைத்துப் பிடிப்பது பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. காய்ந்த, பொலபொலவென்ற மண்ணில் திருப்பி மாட்டிய டயரும் ஓரளவு நன்றாகவே இழுக்கும். ஈரக் களிச்சேர்மானம் உள்ள மண்ணில் அணைத்த மண் கீழே விழாது என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு சுற்றிலும் வரி தன்னைத்தானே சுத்தம் செய்துகொண்டு புதிய மண்ணுக்குள் இறங்கினால்தான் பிடிமானம் கிடைக்கும். மண்ணோடு மண் உரசினால் கிடைக்காது.

இறக்கத்தைப் பற்றிய உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும்போது சக்கரம் மண்ணின்மேல் செலுத்தும் விசை திசை மாறிவிடுகிறது என்பதும், அப்போது திருப்பி மாட்டிய வரிதான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் என்பதும் கணக்குப்படி சரியே. இந்தக் காரணத்துக்காகவே, இன்ஜினால் சுற்றப்படாமல் தரையால் சுற்றப்படும் சக்கரங்களில், எடுத்துக்காட்டாகத் தன் சக்கரத்தின் சுழற்சியாலேயே விதையைத் தள்ளும் விதைப்புக் கருவிகளில், உழவு டயரைத் திருப்பி மாட்டுவது முறையாகவே இருக்கிறது. பிரேக் உள்ள டிரெய்லரில் உழவு டயர் போட்டிருந்தாலும் அப்படித் திருப்பி மாட்டலாம். ஆனால் டில்லரின் சக்கரம் ஏற வேண்டியது, இழுக்க வேண்டியது. இறக்கத்தில் பாரத்தைப் பிடிக்கும் பொறுப்பை டிரெய்லரின் கால் பிரேக்கிடமும் சிறிய கியரிடமும் விடுவதுதான் பாதுகாப்பு. நியூட்ரலில் போட்டு இறங்குவது எந்த டயரோடும் ஆபத்தே.

இறக்கம் என்று பேச்சு வந்ததால், டயர் திசையைவிடப் பல மடங்கு ஆபத்தான ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. சமநிலத்தில் இடப்பக்க ஸ்டியரிங் கிளட்ச் பிடியை அழுத்தினால் இடச் சக்கரத்துக்குப் போகும் விசை துண்டிக்கப்பட்டு, வலச் சக்கரம் மட்டும் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில், இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதே பிடியை அழுத்தினால், விடுபட்ட இடச் சக்கரம் வேகமாக உருண்டு ஓட, இன்ஜின் பிடியில் இருக்கும் வலச் சக்கரம் பின்தங்கி, வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். பாதையின் ஒரு பக்கம் சரிவாக இருக்கும் நம் ஊர்களில் இதை அறியாமல் பிடியை அழுத்தும் புதியவர் பள்ளத்தை நோக்கியே வண்டியைத் திருப்பிவிடுவார். இறக்கத்தில் அந்தப் பிடிகளைத் தொடாமல், வேகத்தை மிகவும் குறைத்து, கைப்பிடியைத் தள்ளியே திருப்ப வேண்டும். வேலைக்கு ஆள் வைத்து ஓட்டுகிறவர்கள் இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

குன்னூரிலிருந்து_கியூபெக் எழுதுகிறார்:

சொந்த ஊர் குன்னூர். இப்போது கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஸ்னோமொபைல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். பொம்பார்டியரின் ஸ்கி-டூ 1959-இல் விற்பனைக்கு வந்தது இந்த மாகாணத்தின் வல்கூர் ஊரிலிருந்துதான் என்பதால், நம் ஊரில் டில்லர் எப்படியோ அப்படி இங்கே ஸ்னோமொபைல். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகளும், பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக முடிவில்லாமல் சுற்றிவரும் அகன்ற ரப்பர் பட்டையும் உடைய வண்டி அது. அந்தப் பட்டையை எந்தத் திசையில் மாட்டுவது என்ற கேள்வி குளிர்காலம் தொடங்கும்போதெல்லாம் எங்களிடம் வரும் என்பதால் இந்தத் திரியை ஆர்வத்தோடு படித்தேன்.

அம்புக்குறி பற்றிப் பட்டறை நண்பர் சொன்ன குழப்பம் இங்கேயும் அப்படியே இருக்கிறது. பட்டையின் மேல் ஓட்டம் முன்னோக்கியும், தரையைத் தொடும் கீழ் ஓட்டம் பின்னோக்கியும் செல்வதால், அம்புக்குறியைக் கீழே பார்த்து மாட்டுகிறவர் தலைகீழாக மாட்டிவிடுவார். டயரைப் போல ஒரு பஞ்சர் கடையில் முடிகிற வேலையும் அன்று. பட்டையைத் திருப்ப வேண்டுமானால் பின்பக்க சஸ்பென்ஷனை முழுவதும் இறக்கி, பட்டையைச் சுற்றவைக்கும் தண்டையும் கழற்ற வேண்டும். ஆதலால் மாட்டுவதற்கு முன்பே பட்டையைத் தரையில் வைத்து அது ஓடும் வாக்கில் தள்ளிப் பார்த்துக்கொள்வோம்.

மஞ்சூர் ஐயா சொன்ன அணைத்துப் பிடிக்கும் கருத்து ஆழமான பனியில் உண்மையாகவே பயன்படுகிறது. ஆழப் பனிக்கான பட்டைகளில் உயரமான ரப்பர் துடுப்புகளின் ஒரு முகத்தைக் குழிவாகச் செய்திருப்பார்கள். தரையில் இருக்கும்போது அந்தக் குழிவு பின்னோக்கி அமைந்து பனியை அள்ளிப் பிடித்துத் தள்ள வேண்டும். திருப்பி மாட்டினால் பனி முதுகுப் பக்கத்தில் வழுக்கி ஓடிவிடும். பொடிப்பனி செம்மண்ணைப் போல ஒட்டிக்கொள்வதில்லை. பட்டை பின்சக்கரத்தில் வளைந்து திரும்பும்போது துடுப்புகளின் இடைவெளி விரிந்து, அள்ளிய பனி தானாகவே உதிர்ந்தும்விடும். விறைப்பான டயருக்கு அப்படி விரிகிற வசதி இல்லை. இரு முகமும் ஒன்றுபோல் உள்ள திசையற்ற பட்டைகளும் இங்கே உண்டு. அவற்றின் ஒரு பக்க விளிம்பு தேய்ந்தபின் திருப்பிப் போட்டு மறு விளிம்பையும் பயன்படுத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உழவு டயரில் அந்தச் சிக்கனம் செல்லாது என்று நினைக்கிறேன்.

கேத்தி_காரட் எழுதுகிறார்:

விளக்கமளித்த அனைவருக்கும் நன்றி. பக்கச் சுவரைத் துடைத்துப் பார்த்ததில் வலப்பக்கம் அம்புக்குறி சரியாக இருக்கிறது, இடப்பக்கம்தான் எதிராக இருக்கிறது. காற்று இரண்டிலும் சமமாகவே உள்ளது. இடச் சக்கரத்தை மட்டும் கழற்றி ஊட்டியில் ஒரு பஞ்சர் கடைக்கு அனுப்ப எண்ணியிருக்கிறேன். நான் உடன் போக இயலாது, தம்பிதான் எடுத்துப் போவான். மறுபடியும் அதே தவறு நேராமலிருக்க அவனிடம் என்ன சொல்லி அனுப்புவது? இரு சக்கரங்களுக்கும் இடையிலான அகலத்தைக் கூட்டுவதற்காக இரண்டு ரிம்மையும் பிறகு எப்போதாவது திருப்பிப் போட நேர்ந்தால் திசை என்னவாகும் என்பதையும் தெரிவியுங்கள்.

பட்டறை_கோத்தகிரி எழுதுகிறார்:

சொல்லி அனுப்புவதைவிட எழுதி அனுப்புவது நல்லது. சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றுவதற்கு முன்பே, வெளியே தெரியும் ரிம் முகத்தில் பெயிண்ட் மார்க்கரால் வெளிப்பக்கம் என்று எழுதி, மேல் பாதியில் வண்டி முன்னோக்கிப் போகும் திசையில் ஓர் அம்புக்குறியும் வரைந்துவிடுங்கள். டயரின் அம்புக்குறி நீங்கள் வரைந்த அம்புக்குறியோடு ஒரே சுற்றில் ஓட வேண்டும் என்று மட்டும் தம்பியிடம் சொன்னால் போதும். இடம், வலம் என்ற பேச்சே கடையில் வேண்டாம், அதில்தான் குழப்பம் வருகிறது. டயர் கழன்றிருக்கும்போதே டியூபையும் ரிம்மின் உட்பக்கத் துருவையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜாக்கி வைத்த வண்டி சரிவில் நிற்குமானால் மறு சக்கரத்துக்கு இருபுறமும் கல் கொடுக்க மறக்காதீர்கள்.

அகலத்துக்காக ரிம்மைத் திருப்பும்போது, இடச் சக்கரத்தைத் திருப்பி வலப்பக்கத்திலும் வலச் சக்கரத்தைத் திருப்பி இடப்பக்கத்திலும் மாட்டினால் வரியின் திசை மாறாது. அதே பக்கத்திலேயே திருப்பி மாட்டினால் இரண்டு டயரும் தலைகீழாகிவிடும். வண்டி ஒரு பக்கம் இழுக்காது என்பதால் அந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் நெடுநாள் ஓடும். மாட்டியபின் முதல் பார வேலை முடிந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிவிடுங்கள்.